பட்டா மட்டும் போதாது

கைலாசநாதர் கோயிலுக்கு வெகு சமீபத்தில் வீடு வைத்திருக்கும் உறவினர் ஒருவர், இருந்த தளத்தின்மேல் ஒரு மாடி எழுப்பத் தொடங்கியபோது வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டதென்று, சென்ற வாரம் என்னிடம் வந்து கொதித்தார். "பத்திரம் என் பேரில், பட்டா என் பேரில், வீட்டு வரி கட்டுவதும் நான்தான், என் வீட்டின்மேல் நான் மாடி போட யாரைக் கேட்க வேண்டும்? மிஞ்சிப் போனால் அபராதம் போடுவார்கள், கட்டிவிட்டுப் போகிறேன்" என்றார். இந்த அபிப்பிராயம் அவர் ஒருவருக்கு உரியதாக இருந்தால் எழுத வேண்டிய அவசியமில்லை. பெரிய காஞ்சிபுரத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் வீடு கட்டுகிறவர்கள், கட்டிக்கொடுக்கும் மேஸ்திரிகள், இருவருக்கும் யோசனை சொல்லும் பெரியவர்கள் ஆகிய எல்லோருமே இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டாவும் பத்திரமும் நிலம் யாருடையது என்பதற்குச் சாட்சியமே தவிர, அதன்மேல் எதை, எவ்வளவு உயரத்துக்கு, எல்லையிலிருந்து எத்தனை அடி தள்ளி எழுப்பலாம் என்பதற்குச் சாட்சியம் அல்ல. கைலாசநாதர் கோயிலையே பார்ப்போம். ராஜசிம்ம பல்லவன் ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன் மணற்கல்லால் எழுப்பிய இந்த ஆலயம் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் 1992 ஜூன் 16 அன்று வெளியான அறிவிக்கையாலும், 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தாலும், பாதுகாக்கப்பட்ட எல்லையைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது. இருக்கிற வீட்டின்மேல் மாடி எழுப்புவதும் சட்டத்தின் கண்ணில் புதுக் கட்டடமே. பழைய வீட்டைப் பழுது பார்க்க வழி உண்டு; அதற்கும் அனுமதி வேண்டும். இவ்விதி வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கும், நெருக்கமான தெருக்களின் நடுவே நிற்கும் முக்தீசுவரர், மதங்கீசுவரர் கோயில்களுக்கும் பொருந்தும்.

அபராதம் கட்டிவிட்டால் தீர்ந்தது என்பவர்கள் இங்கேயாவது கண்ணைத் திறக்க வேண்டும். மீறியவனுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று அச்சட்டம் சொல்கிறது. லட்சத்தை எண்ணி வைத்தாலும் கைலாசநாதரின் 100 மீட்டர் ஓர் அங்குலம்கூடக் குறையாது. எழுப்பிய மாடி அனுமதி பெற்ற மாடியாக மாறிவிடாது. அபராதம் குற்றத்துக்குத் தண்டனை. அனுமதிக்கு விலை அன்று.

"என்றைக்காவது வரன்முறைப்படுத்துவார்கள்" என்ற நம்பிக்கையை வளர்த்த பாவம் அரசாங்கத்தையும் சாரும். 1999 பிப்ரவரி 28-க்கு முந்திய கட்டடங்களுக்கு ஒரே ஒரு முறை என்று சொல்லித் தந்த சலுகையின் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள்; அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ரத்துச் செய்தது. பிறகு 2007 ஜூலை 1 என்று வேறொரு தேதி வந்தது. அங்கீகாரமற்ற மனைகளுக்கு 2016 அக்டோபர் 20 என்று இன்னொன்று வந்தது. இப்படி விதியை மதித்தவனை ஏமாளியாக்கி, மீறியவனைக் கெட்டிக்காரனாக்கினார்கள். ஆனால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காலம் கடந்ததையோ பணம் போட்டதையோ காரணம் காட்டி அனுமதியற்ற கட்டடத்தை நியாயப்படுத்த முடியாது என்று திட்டவட்டமாகக் கூறிவிட்டது. எந்த வரன்முறைத் தேதியும் கைலாசநாதரின் 100 மீட்டருக்குள் நுழைந்ததில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விதிகளே தொல்லை என்று பேசும் இதே ஊர், விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் காஞ்சிப் பட்டு என்று எவனாவது விற்றால் எப்படிப் பொங்குகிறது! புவிசார் குறியீடும், கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டமும் விதிகள்தாமே? நெசவாளியின் பிழைப்பைக் காக்கும் விதி தர்மம், பல்லவன் கோயிலைக் காக்கும் விதி அக்கிரமம் என்பது எந்த ஊர் நியாயம்? இந்த மனோபாவத்தின் விளைவைத் தெருத்தெருவாகக் காணலாம். வாசற்படியும் வண்டி ஏற்றும் சாய்தளமும் சாக்கடையை மூடித் தெருவுக்குள் இறங்குகின்றன. 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டிகள் மண் மூடிக் கிடக்கின்றன. வேகவதி ஆற்றின் கரையையும் வீடுகள் விட்டுவைக்கவில்லை. மழையில் தண்ணீர் வீட்டுக்குள் புகும்போது மட்டும் மாநகராட்சியைத் திட்டுகிறோம்.

வீடு கட்ட நினைப்பவர்களுக்கு நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே. மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அருகில் பாதுகாக்கப்பட்ட ஆலயம் உண்டா, மனை கோயில் நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என்று விசாரியுங்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுவோருக்குச் சுயசான்று முறையில் உடனே அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலை முதல் இருக்கிறது. அலைச்சலுக்குப் பயந்து மீறினேன் என்று சொல்ல அவர்களுக்கு இனி இடமில்லை. சொத்து வரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் செலுத்தினால் 5 சதவீதம் தள்ளுபடி; காலம் தாழ்த்தினால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஆனால் வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது. அனுமதியைக் கையில் வாங்கிய பிறகு கடைக்கால் தோண்டுங்கள்; அதற்கு முன் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள்.