வைஃபை அறுந்தால் லேப்டாப் செத்துவிடவில்லை

பழைய லேப்டாப்பில் நெட் விட்டு விட்டு வந்தால், அதைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நெல்லையில் பல வீடுகளில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டர், பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போயின. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. முதல் வருடங்களில் வந்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அக்கா படித்து முடித்து, தம்பிக்குக் கைமாறி, இப்போது அம்மா மின் கட்டணம் கட்டவும் மகள் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம் போடவும் அதே பெட்டியைத்தான் திறக்கிறார்கள். அதை இழந்தால் அந்த வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை.

எங்கள் வண்ணார்பேட்டைத் தெருவில் குரூப் தேர்வுக்குப் படிக்கிற பெண் ஒருத்தி போன மாதம் வந்து கேட்டாள். "நெட்டு நிக்க மாட்டேக்கு அண்ணாச்சி. அம்மா போன்ல நல்லா வருது, இதுல மட்டும் போயிப் போயி வருது. கடையில கேட்டா பழசாயிட்டு, புதுசு வாங்குங்கன்னு சொல்லுதாவ."

அவள் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. அதே இடத்தில் போனில் நன்றாக வருகிறதென்றால் லைனில் குறை இல்லை. போனிலும் அறுந்தால் முதலில் பார்க்க வேண்டியது மோடத்தை. அதிலும் அதன் அடாப்டரை. வருடக்கணக்காகச் சூடேறிக் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டர் தளர்ந்துபோனால், மோடம் தானே அணைந்து எழுந்துகொண்டே இருக்கும். விளக்குகள் எல்லாம் ஒருசேர அணைந்து மறுபடி எரிகிறதா என்று கவனித்தால் போதும். மோடம் வைக்கிற இடமும் முக்கியம். நம் வீடுகளில் அதை இரும்பு பீரோவின் மேலேயோ டிவிக்குப் பின்னாலேயோ வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரும்புத் தகட்டைத் தாண்டி சிக்னல் போகாது.

லேப்டாப்பை மோடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் லேன் வயரைச் செருகிப் பாருங்கள். அதில் நெட் அசையாமல் நின்றால் கோளாறு வைஃபை பக்கம் என்பது உறுதி. அந்த வயர் இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபையில் சேர்த்துவிட்டு, சார்ஜர் வயரால் லேப்டாப்போடு இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான போன்கள் அந்த வைஃபையையே லேப்டாப்புக்குக் கொடுத்துவிடும். மொபைல் டேட்டா செலவாகாது. நாளைக்கு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால் இன்றிரவு இப்படியே ஒப்பேற்றிவிடலாம்.

இந்த வயதுடைய லேப்டாப்களில் பலவற்றின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டதே 2018இல்தான். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். வண்ணார்பேட்டையில் ராத்திரி எட்டு மணிக்கு வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள்: ஆஸ்பத்திரி, லாட்ஜ், ஜவுளிக்கடை, மாடி வீடு, எதிர் வீடு எல்லாம் வரிசையில் நிற்கும். அத்தனையும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும்கூட அங்கேதான். மோடத்தின் அமைப்புக்குள் போய், சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் மூன்றில் கூட்டம் குறைந்ததை நிலையாக வைத்தால், பல வீடுகளில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் தனித்தனிப் பெயர் கொடுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2க்கு மாற்றுங்கள். பழைய கார்டுகள் பல முன்னதை அறியாதவை.

100 எம்பி திட்டத்துக்குப் பணம் கட்டியும் லேப்டாப்பில் 40தான் காட்டுகிறது என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒற்றை ஆன்டெனா உள்ள பழைய கார்டு 2.4இல் வழக்கமான அகலத்தில் இணைவதே அதிகபட்சம் 72 மெகாபிட் வேகத்தில். கையில் வருவது ஏறக்குறைய அதில் பாதி. அது கோளாறு இல்லை.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள் வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி டிக் செய்யப்பட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் தொடாமல் வைத்திருந்து திரும்பும்போது நெட் போயிருக்கிறதென்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்து மறுபடி போடுங்கள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் பிறகும் நிற்கவில்லையென்றால் திருகாணியைக் கழற்ற வேண்டும். பலர் பயப்படுவது இங்கேதான். பயம் தேவையில்லை என்று நான் நினைக்கிறேன். லேப்டாப்பின் வைஃபை ஆன்டெனா பெரும்பாலும் அடிப்பாகத்தில் இல்லை, திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து நூல் போன்ற வயர், பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையுமாக, கீல் வழியாக இறங்கிக் கீழே உள்ள கார்டுக்கு வருகிறது. மூடியைத் திறக்கும்போதும் மூடும்போதும் அந்த வயர் வளைந்து நிமிர்கிறது. ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாங்கியதிலிருந்து இன்றுவரை எத்தனை ஆயிரம் தடவை மூடியிருப்பாள்! கீல் இறுகி, பிளாஸ்டிக் விட்டுப்போன லேப்டாப்பில் அந்த வயர் நசுங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஜங்ஷன் பக்கம் லேப்டாப் பார்க்கிற ஒரு தம்பி இதற்குச் சொல்லிக்கொடுத்த சோதனை எளிமையானது. "ஸ்க்ரீனை மெதுவா முன்ன பின்ன அசைச்சிப் பாருங்க அண்ணாச்சி. ஒரு வாக்குல வச்சா சிக்னல் ஏறுதா, இன்னொரு வாக்குல எறங்குதா? அப்போ கார்டுல ஒண்ணுமில்ல, வயருதான்." அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் அப்படியேதான் இருந்தது. திரையை நேராக நிமிர்த்தினால் நான்கு கோடு, சற்றே பின்னால் சாய்த்தால் ஒன்று. அவர் கீல் மூடியைத் திறந்து காட்டினார். வெள்ளை வயரின் மேலுறை கிழிந்து உள்ளே செம்புப் பின்னல் தெரிந்தது. உதவாமல் போன வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த வயரை ஓட்டினார். ஆன சில நூறு ரூபாயில் பெரும்பகுதி அவர் கூலி. அந்தக் கூலி நியாயமானது.

திரையை அசைத்தும் மாற்றம் இல்லையென்றால் கார்டைப் பார்க்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வயரின் நுனியில் உள்ள பித்தளைப் பொத்தான் கழன்று கிடப்பது அடிக்கடி நடப்பதுதான். நேராக வைத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும். கார்டின் தங்கநிறப் பற்களில் படிந்திருக்கும் மங்கலை, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்துத் திருப்பிச் செருகுகிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் வண்ணார்பேட்டையும் கொக்கிரகுளமும் தண்ணீரில் நின்றன. அந்த நாட்களில் ஈரம் கண்ட பெட்டிகளில் இந்தப் பற்கள் பச்சை பூத்திருக்கக்கூடும்.

வேறு கார்டு போடுவதென்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். லெனோவோ, எச்பி பழைய மாடல்கள் சிலவற்றின் பயாஸில் அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாததைச் செருகினால் லேப்டாப் எழுந்திருக்கவே மறுக்கும். அந்த வம்பு வேண்டாமென்றால் யுஎஸ்பி டாங்கிள் நல்ல வழி. 5 கிகாஹெர்ட்ஸும் தெரிந்ததாக வாங்குங்கள். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் பக்கத்தில் செருகாதீர்கள். அதிலிருந்து எழும் இரைச்சல் 2.4 அலைவரிசையைக் கெடுக்கும் என்று இன்டெல் 2012லேயே வெளியிட்டது.

இதையெல்லாம் செய்யத் தெரிந்த கைகள் நம் ஊரில் இருக்கின்றன. உதிரிபாகம்தான் இல்லை. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக அரசு அறிவித்தது. அவையும் ஒருநாள் பழசாகும், அவற்றின் கீலும் தேயும். டெண்டர் எடுக்கிற நிறுவனம் வைஃபை கார்டு, ஆன்டெனா வயர், கீல், சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் பத்து வருடத்துக்கு நியாயமான விலையில் இருப்பு வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். பழுது பார்க்கும் வேலையை நம் பேட்டை ஐடிஐ போன்ற இடங்களில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு கொடுக்கலாம். உத்தரவு போடச் சென்னையில் ஒரு கையெழுத்துதான் வேண்டும்.