மாதம் 399 ரூபாய்: பழுதானால் பொறுப்பு யாருக்கு?

கடந்த ஆண்டு நமது வீட்டு இணைய இணைப்பு ஒன்பது நாள்கள் தொடர்ந்து வேலை செய்யவில்லை. மகளின் பொதுத்தேர்வுக்கு மூன்று வாரமே இருந்த நேரம் அது. அவளுடைய கணிதப் பாட வகுப்பு இணையவழியில் நடந்துகொண்டிருந்தது. தெருவில் கேபிள் டி.வி. நடத்திவரும் சகோதரர் ஒருவரிடம்தான் இணைப்பு வாங்கியிருந்தோம். ஒவ்வொரு நாளும் அழைத்தோம். ஒவ்வொரு நாளும், "பாய், நாளைக்குக் காலைல பையனை அனுப்புறேன்" என்றே பதில் வந்தது.

ரசீதில் இருந்த நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்தபோது, "உங்கள் பகுதி ஆபரேட்டரிடம் பேசுங்கள்" என்றார்கள். ஆபரேட்டரோ, "கம்பெனி பக்கம்தான் பிரச்சினை" என்றார். ஒன்பதாம் நாள் உண்மை தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி, கழிவுநீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டியபோது ஃபைபர் கேபிள் அறுந்திருக்கிறது. அதை ஒட்டவைக்கத் தெரிந்த ஒரே பையன், கூடுதல் சம்பளத்துக்காக பெரிய நிறுவனம் ஒன்றுக்குப் போய்விட்டான்.

கோபம் வந்தது. ஆனால் நமது பங்கையும் மறைக்கக் கூடாது. இணைப்பு வாங்கும்போது அவர் மாதம் 600 ரூபாய் கேட்டார். "பக்கத்துத் தெருவில் 399க்குத் தருகிறார்களே" என்று பேரம் பேசி, ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே தருவதாகச் சொல்லி, 500க்குக் கொண்டுவந்தவர்கள் நாம்தான். அந்தப் பையனின் சம்பளமும் அந்த நூறு ரூபாய்களில்தான் இருந்தது என்பது அப்போது தோன்றவில்லை.

நம்மில் பல குடும்பங்களுக்கு வீட்டு இணையம் இன்று பொழுதுபோக்குச் செலவு அல்ல. வளைகுடாவில் இருக்கும் தகப்பன் பிள்ளையின் முகம் பார்ப்பது அதில்தான். பிள்ளைகளின் பாடம், வீட்டிலிருந்தே தையல், உணவு வியாபாரம் செய்யும் பெண்களின் ஆர்டர், பெரியவர்களின் மருத்துவ ஆலோசனை எல்லாம் அந்த ஒரு மெல்லிய கண்ணாடி இழையைத்தான் நம்பியிருக்கின்றன. கல்லூரி விடுதியில் செல்பேசிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து கோழிக்கோடு மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அத்தனை முக்கியமான ஒன்றை விலையை மட்டும் பார்த்து வாங்குவது சரியா என்பதே நமது கேள்வி.

நாம் யாருடைய வாடிக்கையாளர்?

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது. நமக்கு இணைப்பு தரும் தெரு ஆபரேட்டர் பெரும்பாலும் உரிமம் பெற்ற நிறுவனம் அல்ல. மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு மூன்று வகை உரிமம் தருகிறது. ‘ஏ’ வகை நாடு முழுவதற்கும், ‘பி’ வகை ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும், ‘சி’ வகை ஏறக்குறைய ஒரு மாவட்ட அளவுக்கும் உரியது. இத்தகைய உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் முகவராகத்தான் நமது தெரு ஆபரேட்டர் இயங்குகிறார். கம்பம், கேபிள், வசூல், பழுது பார்ப்பது அவர் வேலை. இணைய அலைவரிசையும் கணக்கும் நிறுவனத்தின் கையில். நாம் கட்டும் பணத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது இந்த ஏற்பாடு கண்ணுக்குத் தெரியாது. பழுது வந்தால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். சட்டப்படி முகவரின் செயலுக்கும் உரிமம் பெற்ற நிறுவனமே பொறுப்பு. ஆகவே இணைப்பு வாங்கும் அன்றே, "உரிமம் யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டு, அந்தப் பெயருள்ள ரசீதை வாங்கி வைக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிய தொகையும், வெறும் யு.பி.ஐ. குறுஞ்செய்தியும் போதாது. நாம் அதைச் செய்திருந்தும், எழுத்தில் ஒரு புகார்கூட கொடுக்காமல் ஒன்பது நாளும் வாய்ப்பேச்சிலேயே கழித்தோம். அதனால் கழிவாக ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியவில்லை.

விளம்பர விலையும் கட்டும் விலையும்

வீட்டு இணையக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு எதையும் நிர்ணயிக்கவில்லை. நிறுவனங்களே விலை வைத்துக்கொள்ளலாம். அதை டிராய் எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும். அதனால் விலையை ஒப்பிடும் பொறுப்பு நம்மிடமே வந்து சேர்கிறது.

விளம்பரத்தில் 399 ரூபாய் என்று இருந்தால், பெரும்பாலும் அது வரி சேராத விலை. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும்போது 470 ரூபாய் 82 காசு ஆகிவிடும். இணைப்புக் கட்டணம், ரூட்டருக்கு வைப்புத்தொகை, தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்று சேருபவை தனி. ‘ரூட்டர் இலவசம்’ என்றால், இணைப்பை விடும்போது அதைத் திருப்பித் தர வேண்டுமா, நமக்கே சொந்தமா என்று கேட்க வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டினால் விலை குறைவது உண்மைதான். ஆனால் ஆபரேட்டர் தொழிலை விட்டாலோ, நாம் வீடு மாறினாலோ மீதிப் பணம் என்னாகும் என்பது எழுத்தில் இல்லாவிட்டால், அந்தச் சலுகை நமக்கு அல்ல, அவருக்கு நாம் கொடுத்த கடன்.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. குறிப்பிட்ட அளவு டேட்டா தீர்ந்ததும் வேகத்தைக் குறைக்கும் வழக்கம் உண்டு. அந்த அளவு எவ்வளவு, அதன் பிறகு வேகம் எவ்வளவு என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று டிராய் 2016 அக்டோபரில் உத்தரவிட்டது. குறைக்கும்போதும் நொடிக்கு 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்றும் சொன்னது.

இரவு எட்டு மணிக்கு வேகம் எங்கே போகிறது?

‘100 எம்.பி.பி.எஸ்.’ என்பது மெகாபைட் அல்ல, மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட். ஒரு ஜி.பி. கோப்பு இறங்க ஒன்றே கால் நிமிடத்துக்கு மேல் ஆகும். இதைத் தெரியாமல் "ஏமாற்றுகிறார்கள்" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

ஆபரேட்டரின் அறையிலிருந்து வரும் ஓர் ஒளியிழை, வழியில் ஸ்ப்ளிட்டர் எனும் சிறு பெட்டிகளில் பிரிந்து, 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. இன்று பரவலாக உள்ள ஜிபான் முறையில் அந்த ஓர் இழையின் கொள்ளளவு ஏறக்குறைய 2,500 எம்.பி.பி.எஸ். அறுபத்து நான்கு வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தால் வீட்டுக்கு 39 எம்.பி.பி.எஸ்.தான் கிடைக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை என்பதால் 100 என்று விற்க முடிகிறது. இப்படிப் பகிர்வது மோசடி அல்ல; உலகெங்கும் உள்ள நடைமுறை. ஆனால் நிறுவனத்திடமிருந்து வாங்கும் மொத்த அலைவரிசையைக் கூட்டாமல் வீடுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், தொழுகை முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் இரவு நேரத்தில் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். அங்கேதான் நேர்மை தேவைப்படுகிறது. விற்கும் பொருளின் குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது மதரஸாவில் வணிகப் பாடத்தின் தொடக்கத்திலேயே நாம் ஓதியது.

நாமும் அழைப்பதற்கு முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். சுவரில் உள்ள பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியிழையில் சிக்கல். ஆபரேட்டர்தான் வர வேண்டும். சிவப்பு இல்லாமல் இணையம் மட்டும் வரவில்லை என்றால் கணக்கு முடிந்திருக்கலாம், அல்லது நிறுவனத்தின் பக்கம் கோளாறு இருக்கலாம். ஒரு அறையில் வந்து இன்னொரு அறையில் வரவில்லை என்றால் அது வைஃபை சிக்கல். தடித்த சுவருக்கு யாரும் பொறுப்பில்லை.

குறைந்த விலையின் சுமை யார் தோளில்?

2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வணிகரீதியாக வந்தபோது அதன் தொடக்கத் திட்டம் 699 ரூபாய். ஓராண்டுக்குள், ஊரடங்குக் காலத்தில், அது 399க்கு இறங்கியது. மற்ற நிறுவனங்களும் போட்டிக்கு இறங்கின. மக்களுக்கு இது நன்மை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாடு முழுவதும் சொந்தக் கேபிள் வைத்திருக்கும் நிறுவனம் ஓர் ஊரில் நட்டப்பட்டு இன்னொரு ஊரில் ஈடுகட்டலாம். 300 வீடுகளை மட்டும் வைத்திருப்பவரால் முடியாது. அலைவரிசைக் கட்டணம், மின்கம்ப வாடகை, மின்தடைக்கு பேட்டரி, ஒளியிழை ஒட்டும் இயந்திரம், இவற்றில் எதையும் அவர் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது ஆள் கூலி ஒன்றுதான். சிறிய நிறுவனத்திடம் நாம் கேட்டு வாங்கும் விலைக்குறைப்பு, கடைசியில் பழுது பார்க்கும் சேவையிலிருந்துதான் போகிறது. விலையும் சேவையும் இரண்டு தனிச் செய்திகள் அல்ல.

அப்படியானால் பெரிய நிறுவனத்துக்கே மாறிவிடலாமே என்று கேட்கலாம். மாறுவது தவறல்ல. ஆனால் போட்டியாளர்கள் குறைந்த பின் என்ன நடக்கும் என்பதைச் செல்பேசித் துறையில் நாம் பார்த்துவிட்டோம். தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல்லின் சிக்னல் 2018 பிப்ரவரியில் போனபோது, எண்ணை மாற்றிக்கொள்ள மக்கள் கடை கடையாக அலைந்தார்கள். அதே துறையில் 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. அன்று மக்களுக்கு பி.எஸ்.என்.எல். தவிர வேறு புகலிடம் இல்லை. தெருவில் ஒரு சிறிய ஆபரேட்டர் பிழைத்திருப்பது, அவரிடம் இணைப்பு வாங்காத வீட்டுக்கும் ஒரு பாதுகாப்புதான்.

இன்னொன்றும் உண்டு. ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், பழுது பார்க்க வருபவர் தெரிந்த பையன் என்பதும், "அஸருக்குப் பிறகு மாமா வந்துவிடுவார், அப்போது வா" என்று சொன்னால் அவன் கேட்டுக்கொள்வான் என்பதும் எந்த விளம்பரத்திலும் இல்லாத வசதி. அதற்கும் ஒரு விலை உண்டு.

சட்டம் தரும் வழி

அறிமுகமானவர் என்பதற்காக உரிமையை விட்டுவிட வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள டிராயின் சேவைத் தர விதிகளின்படி, வீட்டு இணைப்பின் பழுது மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், முன்பணம் கட்டியவருக்கும் மாதம் முடிந்து கட்டுபவருக்கும் ஈடு தர வேண்டும். முதலில் நிறுவனத்தின் சேவை மையத்தில் புகார் எண் வாங்க வேண்டும். தீர்வு இல்லையென்றால் நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அதற்கும் மேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாமா என்ற குழப்பம் நீண்ட காலம் இருந்தது. விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்திவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை.

நாம் செய்ய வேண்டியது

ஒன்பதாம் நாள் மாலை அந்தச் சகோதரரே ஆள் தேடி அழைத்து வந்து கேபிளை ஒட்டவைத்தார். மகள் அதுவரை பக்கத்து வீட்டுச் செல்பேசியின் டேட்டாவில் படித்துக்கொண்டிருந்தாள். "வேற கம்பெனிக்கு மாறிடாதீங்க பாய்" என்றார். நாம் மாறவில்லை. ஆனால் அன்று மூன்று விஷயங்களைப் பேசி எழுதிக்கொண்டோம். கட்டணம் 600 ரூபாய், வரி உட்பட, மாதாமாதம், முன்பணம் கிடையாது. புகாரை வாட்ஸ்அப்பில் எழுதித்தான் அனுப்புவோம். நிறுவனத்தின் புகார் எண்ணை அவர் பதிவு செய்து தர வேண்டும். மூன்று நாள் தாண்டினால் அந்த மாதக் கட்டணத்தில் கழிவு.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மத்த வீட்லயும் இப்படியே சொல்லிடுங்களேன், எனக்கும் ஒரு ஆள் வச்சுக்க முடியும்" என்றார். நமது தெருவில் பன்னிரண்டு வீடுகள் இப்போது அந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. அடுத்த முறை கட்டணம் கட்டப் போகும்போது, எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்பதற்கு முன், பழுதானால் எத்தனை நாளில் வருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதிலை எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.