கிளீனர் ராஸ் மட்டும் வேண்டாம், கண்ணுகளா

 இங்கே ஏற்காட்டில் பனி இறங்கிவிட்டது, கூடவே என் முட்டிவலியும்.

பழைய மாணவர் ஒருவர் நேற்று போன் செய்தார். "சார், சேலம் வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன். கலர் கலரா ராஸ் மீன் விடலாமா?" பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். இதே கேள்விக்கு என் பேரனிடம் தப்பான பதில் சொன்னவன் நான்.

அவன் ஆசைப்பட்டது கிளீனர் ராஸ். நீல உடம்பில் கறுப்புக் கோடு ஓடும், விரல் நீள மீன். மற்ற மீன்களின் மேல் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்யும். "தொட்டிக்கு ஒரு டாக்டர் இருக்கட்டுமே, வாங்குடா" என்றேன். முப்பது வருஷம் உயிரியல் நடத்தியவனுக்கு ஒரு சின்னக் கணக்கு தோன்றவில்லை. கடலில் அது ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ஒட்டுண்ணிகளைத் தின்னும். எங்கள் தொட்டியில் இருந்ததோ நாலே மீன்! போட்ட தீனியையும் அது தொடவில்லை. ஆறு வாரத்தில் வயிறு ஒட்டிச் செத்தது. பேரன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நஷ்டம் நம் வீட்டோடு முடிவதில்லை. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் சில பவளத்திட்டுகளிலிருந்து இந்த மீனை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து அகற்றிப் பார்த்தார்கள். அந்தத் திட்டுகளில் மற்ற மீன்களின் எண்ணிக்கையும் குறைந்தது, வகைகளும் குறைந்தன. கடைக்கு வரும் ராஸ் பெரும்பாலும் கடலில் பிடித்ததுதான். நாம் வாங்குவது ஒரு மீன், அங்கே காலியாவது ஒரு ஊர் வைத்தியர்.

ராஸே கூடாது என்று சொல்லவில்லை. ஆறுகோட்டு ராஸ் போல, போடும் தீனியைச் சாப்பிடும் வகைகள் உண்டு. சில வகைகள் ராத்திரி மணலில் புதைந்து தூங்கும். அவற்றுக்கு இரண்டு அங்குலமாவது மெல்லிய மணல் வேண்டும். பயந்தால் துள்ளி வெளியே விழும், அதனால் மேலே வலைமூடி கட்டாயம். தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். கிட்டத்தட்ட 5000 அடி உயரத்தில் எங்களுக்கு ஹீட்டர், சேலத்து வெயிலில் உங்களுக்குச் சில்லர். கரண்ட் போனால் பம்புக்கு பேட்டரியும் தேவை. இவ்வளவும் முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள்.

யாராவது மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளம் என்று விலை பேசினால் விலகிவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை கோமாளி மீன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. தொட்டியில் பிறந்த குஞ்சு தொட்டித் தீனிக்குப் பழகியிருக்கும். வாங்கும்போது "இது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" என்று கேளுங்கள். கடைக்காரர் தயங்கினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

அந்தக் கேள்வியை நான் அன்று கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். மீன் வளர்க்கிறவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். இப்போது நான்தான் மாணவன்.