அராஜகம் பண்ணாதடி

இந்தச் சொல்லை முதலில் ஆச்சியின் வாயிலிருந்துதான் கேட்டேன். எனக்குப் பத்து வயது. அண்ணன் சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். "என்னடி அராஜகம் பண்ற?" என்றாள். திரேஸ்புரம் கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவள் அவள். அரசன் இல்லாத நிலை என்பதே அந்தச் சொல்லின் பொருள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தமிழ் எம்.ஏ. படிக்கும்போதுதான் தெரிந்தது. ஒரு தட்டைக் கழுவ மறுத்தால் எங்கேயோ ஓர் அரசன் கவிழ்கிறான் என்பதை ஆச்சி சரியாகவே சொல்லியிருக்கிறாள்.

நெல்லும் நீரும் அல்ல, மன்னனே உலகத்துக்கு உயிர் என்று பாடிய புறநானூற்றுப் புலவரை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். மன்னன் போய்விட்டான். அந்த இலக்கணம் போகவில்லை. அடங்காதவர்களுக்கு ஆட்சிகள் எப்போதும் ஒரு பெயர் வைத்திருக்கும். ரௌலட் சட்டம் என்று பள்ளியில் படித்தோமே, 1919-இல் வந்த அதன் முழுப்பெயரிலேயே 'அராஜக, புரட்சிக் குற்றங்கள்' என்று இருக்கிறது. நூறாண்டு கழித்து, 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லிக் கூடிய மக்களைக் காவல்துறை சுட்டது. பதின்மூன்று பேர் செத்தார்கள். அன்று திரேஸ்புரத்திலும் குண்டு பாய்ந்தது. எங்கள் பெண் ஒருத்தி செத்தாள். சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்றார்கள். மனுக் கொடுக்கப் போனவர்கள் விரோதிகள், சுட்டவர்கள் ஒழுங்கு. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, அந்தச் சூடு தேவையற்றது என்று சொன்னது. சொன்னதோடு சரி.

ஆனால் இந்தக் கட்டுரை காவல்துறையோடு சண்டை போட எழுதப்பட்டதல்ல. அந்தச் சண்டையை நடத்தப் பலர் இருக்கிறார்கள். நான் சண்டை போட வந்திருப்பது நம் தோழர்களோடு. 'அராஜகம்' என்ற வசவைத் துடைத்தெடுத்து, அரசின்மைக் கோட்பாடு என்று மரியாதை கொடுத்து, சிறுபத்திரிகைகளில் அதற்கு வரலாறு எழுதும் தோழர்களோடு.

அந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கென்று ஒரு நாயகர் உண்டு. 1887-இல் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா. மண்டயம் குடும்பத்துப் பிள்ளை. பாரதி ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகையில் உழைத்தவர். அங்கிருந்து புதுச்சேரி, லண்டன், பெர்லின், மாஸ்கோ என்று அலைந்தார். 1920 அக்டோபர் 17 அன்று தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கிய ஏழு பேரில் ஒருவர். அதன் தலைவரும் அவரே. சில மாதங்களில் எம்.என். ராயோடு மோதிப் பொறுப்பை இழந்தார். கட்டளைக்குக் கீழ்ப்படிவதுதான் கட்சி என்றால் அந்தக் கட்சியே வேண்டாம் என்று பெர்லினுக்குப் போய் அனார்க்கிஸ்ட் ஆனார். நல்ல கதைதான். எனக்கும் பிடிக்கும்.

அந்த ஏழு பேரில் இரண்டு பேர் பெண்கள். எவலின் டிரெண்ட், ரோசா ஃபிட்டிங்கோவ். கட்சி பிறந்தது 1920-இல் தாஷ்கண்டிலா, 1925-இல் கான்பூரிலா என்று சிபிஎம்மும் சிபிஐயும் இன்றுவரை வாதாடுகின்றன. அந்த வாதத்தில் எங்காவது இந்த இரண்டு பேரும் வருகிறார்களா என்று தேடிப் பாருங்கள். வந்தால் 'ராயின் மனைவி', 'முகர்ஜியின் மனைவி'. சாந்தி தேவி என்ற புனைபெயரில் எழுதிக் குவித்தவள் எவலின். ராய் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அவள் பெயரே கிடையாது. தோழமை, இயக்கம், மணவாழ்க்கை எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்ட ஒருத்தியை ஒரு வரிகூட இல்லாமல் தாண்டிப்போக எவ்வளவு பயிற்சி வேண்டும்!

ராய் கட்சிக்காரர், அப்படித்தான் இருப்பார் என்று நம் தோழர்கள் சொல்லக்கூடும். சரி, ஆச்சார்யாவிடமே வருவோம். அவர் மணந்தது மக்தா நாக்மன் என்ற ரஷ்ய ஓவியரை. கவிஞர் மரீனா ஸ்வெத்தாயெவாவை 1913-இல் நேரில் அமரவைத்துத் தீட்டியவள். பெர்லினில் நபகோவையும் வரைந்தவள். நாஜிகள் வந்தபின் யூதத் தந்தைக்குப் பிறந்த அவள் அங்கே இருக்க முடியவில்லை. 1930-களில் இருவரும் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். கணவர் உலகெங்கும் அனார்க்கிஸ்ட் இதழ்களுக்குக் கட்டுரை எழுதினார். அந்த இதழ்கள் அரிசி வாங்கித் தரவில்லை. அவருக்குக் காசநோய் வந்தபின் வீடு ஏறக்குறைய முழுக்கவும் அவள் தூரிகையில்தான் ஓடியது. 1951 பிப்ரவரியில், தன் கண்காட்சி திறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு மக்தா இறந்துபோனாள். அதற்குப் பிறகும், 1954-இல் சாகும்வரை, அவர் அவளுடைய படங்களை விற்றே பிழைத்தார். எசமானர்களே வேண்டாம் என்று எழுதிய கையை, செத்த பின்னும் சோறு போட்டுக் காத்தவளுக்கு நம் கட்டுரைகளில் கிடைக்கும் இடம் ஒரே தொடர்: 'இவருடைய மனைவி ஓர் ஓவியர்.'

இது தமிழ்நாட்டு நோய் மட்டுமல்ல. அனார்க்கிசம் வெறும் கனவாக இல்லாமல் தெருவில் நடந்த இடம் ஸ்பெயின். 1936-இல் அங்கே பெண்கள் 'முஹேரெஸ் லிப்ரெஸ்', அதாவது சுதந்திரப் பெண்கள், என்ற அமைப்பைக் கட்டினார்கள். எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள், தொழில் கற்றுக்கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 1938-இல் தங்களை இயக்கத்தின் தன்னாட்சிக் கிளையாக ஏற்கும்படி கேட்டபோது, ஒற்றுமை குலையும் என்று ஆண் தோழர்கள் மறுத்துவிட்டார்கள். அரசை ஒழிக்கக் கிளம்பியவர்களுக்கும் அனுமதி கொடுக்கும் அதிகாரம் மட்டும் தேவைப்பட்டிருக்கிறது. உர்சுலா லெ குவின் 1974-இல் அரசில்லாத ஓர் உலகை நாவலாக எழுதினார். அதன் மூலச் சிந்தனையாளராக ஒரு பெண்ணை வைத்தார். கற்பனையில்தான் அது நடந்தது.

இந்தக் கட்டத்தில் தோழர்கள் என் கரையைக் காட்டி என்னைச் சமாதானப்படுத்துவார்கள். "உங்க திரேஸ்புரத்துல பாருங்க தோழர். பத்திரம் இல்லாம சீட்டு, எழுத்து இல்லாம கடன், அரசாங்கம் இல்லாமலே பரஸ்பர உதவி. உங்க பெண்கள் இயல்பாவே அனார்க்கிஸ்ட்டுங்க." கேட்க இனிக்கிறது. ஆனால் அந்த உதவி எதன்மேல் நிற்கிறது என்று அவர்கள் கேட்டதில்லை.

முத்துக்குளியில் மூழ்குகிறவனின் உயிர் படகில் கயிறு பிடிப்பவன் கையில். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். சங்குகுளி இன்றும் உண்டு; இப்போது கம்ப்ரசர் குழாய் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் கயிற்றை யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். மச்சானிடம்தான் கொடுப்பார்கள். தன் தங்கச்சி தாலி அறுவதை அவன் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்ற கணக்கு. பெருமையாகச் சொல்லப்படும் கதை இது. நானும் பெருமையோடு கேட்டு வளர்ந்தவள்தான். நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது: அந்தப் படகில் ஏறாத ஒருத்தியைத்தான் அங்கே ஈடு வைத்திருக்கிறார்கள். எந்தச் சட்டமும் எந்தப் போலீசும் இல்லாமல் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் நம்ப முடிந்தது, கரையில் நின்ற ஒரு பெண்ணின் விதவைக்கோலத்தைப் பிணையாக வைத்து. சங்கு கிடைத்தால் பங்கு ஆண்களுக்கு. கயிறு அறுந்தால் வெள்ளைச் சேலை அவளுக்கு.

அரசின்மை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018-க்குப் பிறகு இந்த ஊரில் பிறந்த யாரும் அரசுக்கு வக்காலத்து வாங்க முடியாது. அடுக்களையில் முடிசூடிய அரசனை அப்படியே விட்டுவிட்டுக் கோட்டையில் இருப்பவனை மட்டும் இறக்குவதற்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள் என்கிறேன். தட்டைக் கழுவ மாட்டேன் என்ற பெண்பிள்ளையை உங்கள் வரலாற்றின் முதல் இயலில் வையுங்கள். பின்னிணைப்பில் அல்ல.

சென்ற பருவத்தில் ஒரு மாணவி மக்தாவை ஆய்வுத் தலைப்பாகக் கொண்டுவந்தாள். தமிழாய்வில் ரஷ்யக்காரிக்கு என்ன வேலை என்று குழுவில் கேட்டார்கள். ஒருவர் இரக்கப்பட்டு வழி சொன்னார்: "ஆச்சார்யான்னு தலைப்பு மாத்திக்கம்மா. பாரதி வர்றாரு, உடனே பாஸாயிரும். அந்தம்மாவை ஒரு இயல்ல போட்டுக்கலாம்." அவள் படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தலைப்பை இன்னும் மாற்றவில்லை. நானும் மாற்றச் சொல்லவில்லை.