திரையிலும் மரபு வேண்டும்

நுழையும் முன்

மொழிக்கு மரபு இருப்பது போலவே இணையதளத்தின் அமைப்பிற்கும் மரபு உண்டு. அம்மரபை மீறும் புதுமை யாருக்குச் சுமையாகிறது என்பதை எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது இக்கருத்துக் கட்டுரை.

தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வந்து, ஹவுரா தொடர்வண்டி நிலையத்தில் முதன்முறையாக இறங்கும் ஒருவருக்கு வங்க எழுத்துத் தெரியாது. இந்தியும் ஆங்கிலமும் தட்டுத்தடுமாறியே வரும். அங்குள்ள அறிவிப்புப் பலகைகளோ இம்மூன்று மொழிகளில்தான் உள்ளன. ஆயினும் அவர் வழி தவறுவதில்லை. நடைமேடையின் எண்ணைப் பார்க்கிறார். மக்கள் திரள் செல்லும் வாயிலை நோக்கி நடக்கிறார். அழைத்துச் செல்ல வரும் உறவினர், “பெரிய கடிகாரத்தின் கீழ் நில்லுங்கள்” என்று கைப்பேசியில் கூறினால் போதும். 1926ஆம் ஆண்டு பொருத்தப்பட்ட அந்த இருமுகக் கடிகாரம், அன்று முதல் இன்று வரை மக்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடமாக விளங்குகிறது. எழுத்தறியாத ஊரில் இடமும் எண்ணும் அடையாளமுமே மனிதருக்கு எழுத்தாகின்றன.

அதே மனிதர் ஊருக்குத் திரும்பப் பயணச்சீட்டு எடுக்கக் கைப்பேசித் திரையைத் திறக்கும்போதும் இவ்வாறே படிக்கிறார். உருப்பெருக்கிக் கண்ணாடியின் படம் இருந்தால் அது தேடுவதற்கு உரியது. வீட்டின் படம் முகப்பிற்கு உரியது. தள்ளுவண்டியின் படம் வாங்கத் தேர்ந்தெடுத்த பொருள்களுக்கு உரியது. இவற்றை அவருக்கு எவரும் பாடமாக நடத்தவில்லை. பல தளங்களிலும் ஒரே அடையாளத்தை ஒரே இடத்தில் கண்டு கண்டு, அவர் கை தானே பழகிக்கொண்டது. இப்பழக்கமே திரையின் மரபு.

மரபு என்னும் சொல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. குயில் கூவும், மயில் அகவும் என்று கற்கிறோம். மயில் கூவியது என்று எழுதினால் அது மரபு வழு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கே மரபியல் என்று பெயர். சொல்பவரும் கேட்பவரும் ஒரே சொல்லால் ஒரே பொருளை உணர வேண்டும் என்பதே மரபின் பயன். திரையில் அமைந்த ஒரு பொத்தானுக்கும் இது பொருந்தும்.

ஆனால், தனித்துத் தெரிய வேண்டும் என்னும் ஆசையால் சில வடிவமைப்பாளர்கள் இம்மரபை முறிக்கின்றனர். பட்டியலை ஒரு மூலையில் மறைத்து வைக்கின்றனர். எழுத்து எதுவுமின்றிப் புதிய படங்களை மட்டும் இடுகின்றனர். மேலிருந்து கீழாக நகர வேண்டிய பக்கத்தை இடமிருந்து வலமாக நகர்த்துகின்றனர். அழுத்தக்கூடிய சொல் எது, வெறும் சொல் எது என்னும் வேறுபாட்டையும் அழித்துவிடுகின்றனர். பார்ப்பதற்கு அத்தளம் அழகாக இருக்கலாம். எனினும், வாயில் எங்கே என்று தெரியாத மாளிகை வந்தவருக்கு மதிலாகவே தோன்றும்.

பெரிய நிறுவனங்களும் இவ்வாறு தவறியதுண்டு. 2012ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 8 இயங்குதளத்தை வெளியிட்டது. 1995 முதல் திரையின் அடியில் இருந்துவந்த ‘ஸ்டார்ட்’ பொத்தானை அதில் நீக்கிவிட்டது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பயன்படுத்துவோர் பலர் திகைத்தனர். மறு ஆண்டே, விண்டோஸ் 8.1 பதிப்பில் அப்பொத்தான் மீண்டும் இடம்பெற்றது. மக்களின் கைப்பழக்கத்தை ஒரே நாளில் மாற்றிவிட இயலாது என்பதற்கு இது சான்றாகும்.

இத்தகைய புதுமையின் விலையை எல்லாரும் சமமாகக் கொடுப்பதில்லை என்பதே இங்குக் கருத வேண்டியது. ஆங்கிலம் நன்கறிந்தவர், பொத்தான் இடம் மாறினாலும் அதன்மேல் உள்ள சொல்லைப் படித்து மீள்வார். மொழி அறியாதவருக்கோ இடமே சொல். இடம் மாறினால் அவர் மீண்டும் எழுத்தறியாதவராகிறார். தட்கல் முன்பதிவு, குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் பிற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. ஊரில் தாய் நோயுற்றுக் கிடக்க, மறுநாள் வண்டியில் ஓர் இடம் தேடும் மகனுக்கு ஒவ்வொரு நொடியும் அரிது. பொத்தானைத் தேடி இழந்த இரண்டு நிமிடம், அவர் இழந்த பயணமாகவே முடியலாம்.

அந்நேரத்தில் அவர் தம் பிள்ளையை அழைக்கிறார், “இதில் எங்கே அழுத்த வேண்டும்?” என்று கேட்கிறார். பிள்ளையும் காட்டிவிடுகிறது. ஆனால், தமக்கு அறிவு போதவில்லை என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் தங்கிவிடுகிறது. பிள்ளை அருகில் இல்லாதபோது, அறிமுகமற்றவரிடம் கைப்பேசியையும் கடவுச்சொல்லையும் ஒப்படைக்கும் நிலையும் நேர்கிறது. குறை அவருடையதன்று, வாயிலை மறைத்தவருடையது. இதனைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வதும் பிள்ளைகளின் கடமையே.

அப்படியாயின் புதுமையே கூடாதா என்று வினவலாம். புதுமை வேண்டும். இன்று பட்டியலைக் குறிக்கும் மூன்று கோடுகள் 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக உருவாக்கப்பட்டவை. அன்று அவையும் புதுமையே. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகையும் பழைய தட்டச்சு முறையிலிருந்து வேறுபட்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்த அதனைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. எனினும், நாள்தோறும் தட்டச்சுச் செய்பவருக்கு அவ்வுழைப்பு விரைவாகத் திரும்பக் கிடைக்கும். ஆண்டிற்கு இருமுறை பயணச்சீட்டு எடுப்பவருக்கு ஒரு தளத்தின் தனிமொழியைக் கற்பதால் அத்தகைய பயன் இல்லை. கற்கும் உழைப்பைவிடப் பயன் மிகுந்திருந்தால் மட்டுமே மரபை மாற்றுதல் தகும்.

சிறந்த புதுமைக்குச் சான்று ஹவுராவிலேயே நிற்கிறது. 1874இல் அமைந்த பழைய பாலம் மிதவைகளின்மேல் நின்றது. கப்பல்கள் செல்ல அதனைத் திறக்கும்போதெல்லாம் சாலைப் போக்குவரத்து நின்றது. 1943இல் திறக்கப்பட்ட இன்றைய பாலமோ ஆற்றின் நடுவே ஒரு தூணும் இன்றி, 457 மீட்டர் இடைவெளியைத் தாண்டி நிற்கிறது. அதன் எஃகுச் சட்டங்கள் ரிவெட் ஆணிகளால் இணைக்கப்பட்டவை. இத்தனை பொறியியல் நுட்பம் இருந்தும், அதன்மேல் நடப்பவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. தலையில் பூக்கூடை சுமப்பவரும், தந்தையின் விரல் பற்றிய குழந்தையும் வழக்கம்போல் நடந்தே கடக்கின்றனர்.

இணையதளமும் அவ்வாறே அமைதல் வேண்டும். அரிய நுட்பமெல்லாம் உள்ளே இருக்கட்டும். நடப்பவரின் வழி மட்டும் அவர் அறிந்த வழியாகவே இருக்கட்டும்.

சொற்பொருள்

வழு – பிழை
மிதவை – நீரில் மிதக்கும் தெப்பம்
தகும் – பொருந்தும்

சிந்தித்து எழுதுக

1. “மொழி அறியாதவருக்கோ இடமே சொல்” – இத்தொடரின் பொருளை ஹவுரா நிலையச் சான்றுடன் விளக்குக.
2. விண்டோஸ் 8, தமிழ் 99 ஆகிய இரண்டு மாற்றங்களையும் ஒப்பிட்டு, எது ஏற்கத்தக்கது என்பதைக் காரணத்துடன் எழுதுக.
3. உம் வீட்டுப் பெரியவர் ஒருவர் இணையதளத்தைப் பயன்படுத்துவதை அருகிலிருந்து கவனிக்க. அவர் தயங்கும் இடங்களைக் குறித்து, அவற்றை எவ்வாறு மாற்றலாம் என்று ஒரு பத்தி எழுதுக.