செயலியில் மருத்துவர் உண்டு, மருந்தாளுநர் எங்கே?

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டிய மலைக் கிராமத்தினர் பலருக்கு, புறநோயாளிகள் பிரிவுக்குச் சென்று திரும்புவது ஒரு நாள் கூலியை இழக்கும் பயணமாகும். மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' செயலி இச்சுமையை ஓரளவு குறைத்துள்ளது. கேரளத்தில் 2020 ஜூனில் தொடங்கிய இச்சேவையில், மருத்துவர் காணொலி வழியே பேசி மின்னணு மருந்துச் சீட்டு வழங்குகிறார்.

சிக்கல் அதன் பிறகே தொடங்குகிறது. மாத்திரை உணவுக்கு முன்பா, பின்பா? ஒரு வேளை தவறினால் என்ன செய்வது? இவற்றை விளக்குவது மருந்தாளுநரின் கடமை என்கின்றன 2015-ஆம் ஆண்டு மருந்தாளுநர் தொழில் விதிமுறைகள். ஆனால், 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானவை. மருந்தாளுநர் தொலைவிலிருந்து ஆலோசனை கூறுவதற்கென அவை தனி நடைமுறை எதையும் வகுக்கவில்லை.

அட்டப்பாடி பழங்குடியினரிடையே அரிவாள் உயிரணு நோய் உள்ளது. அதற்கான ஹைட்ராக்சியூரியா மருந்தை உட்கொள்வோர் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் குறித்த இடைவெளியில் பரிசோதித்தாக வேண்டும். இத்தகையோருக்கு மருந்தாளுநரின் தொடர் விசாரிப்பு சலுகை அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கோ மொழியும் ஒரு தடை. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. கடிதத்துக்கு உள்ள அந்த நியாயம் மருந்தின் அளவைச் சொல்வதற்கும் பொருந்தாதா? காணொலிக்கு வலைத்தொடர்பு போதாத குடியிருப்புகளில், தமிழறிந்த மருந்தாளுநரின் சாதாரணத் தொலைபேசி அழைப்பே செயலியைவிட அதிகம் பயன்படும்.