அப்பாவின்ர 'இன்ர' பிழையில்லை

எங்கடினுக்கு வந்தவர்களுக்கு சென் மொறிட்ஸ் ஏரிக்கு மேலே கோபுரத்தோடு நிற்கும் பத்ருட்ஸ் பாலஸ் ஹோட்டலைத் தெரிந்திருக்கும். 1896-இல் காஸ்பர் பத்ருட் திறந்தது.

"அங்க பார், பத்ருட்ஸின்ர கோபுரம்" என்று அப்பா காட்டினார். எனக்கு அப்போது பதினான்கு வயது. சூரிச்சிலிருந்து மச்சான்மாரும் வந்திருந்தார்கள். "அப்பா, பத்ருட்'ஸ் எண்டாலே பத்ருட்டினுடைய எண்டுதான் அர்த்தம். அதுக்கு மேல 'இன்ர' போடக்கூடாது" என்று திருத்தினேன். மச்சான்மார் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் முன்னால் அப்பா "அந்தக் கோபுரம்" என்று மட்டும்தான் சொல்லுவார்.

பிழை விட்டது நான்.

ஏற்கெனவே 'ஸ்' போட்டு முடிந்த பெயருக்கு இன்னொரு 'ஸ்' ஒட்டினால் ஆங்கிலத்துக்கு நாக்குத் தடுக்கும். அதனால் பெயரை அப்படியே விடு, இல்லாவிட்டால் வசனத்தை மாற்று என்பார்கள். ஜேர்மனில் ஹான்ஸ் போன்ற பெயர்களுக்குப் பின்னால் வெறும் அப்போஸ்ட்ரஃபி மட்டும். கடைப்பெயரில் 'ஏவா'ஸ்' என்று எழுதலாம் என 2024-இல் விதியில் தெளிவாக வந்ததற்கே எத்தனை பேர் கத்தினார்கள்! எங்கடினின் ரோமான்ஷோ 'டா' என்ற சொல்லை நடுவில் வைத்துவிட்டுப் போய்விடும்.

இதெல்லாம் அந்தந்த மொழிகளின் சிக்கல். தமிழுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஸ் + இன் = ஸின். தாமஸின், மக்டொனால்ட்ஸின், பத்ருட்ஸின். உள்ளே இருக்கும் 'ஸ்' ஆங்கிலத்தில் என்ன வேலை செய்தது என்று தமிழ் கேட்பதில்லை. பெயர் எங்கே முடிகிறது என்று மட்டும்தான் பார்க்கும்.

இரண்டு தரம் சொல்வதாகிவிடும் என்கிறீர்களா? நல்லூரான் என்றாலே நல்லூருக்கு உரியவன்தான். ஆனாலும் "நல்லூரானின்ர தேர்" என்கிறோம். யாராவது சிரிக்கிறோமா?

ஆகவே தம்பி, தங்கச்சி, வட்ஸ்அப்பில் "பத்ருட்'ஸ்'இன்" என்று இரண்டு கோடு போட்டு எழுதாதீர்கள். தமிழில் உரிமையைச் சொல்ல அந்தக் கோடு தேவையே இல்லை. இன்னொரு மொழியின் விதியைக் கொண்டுவந்து அப்பா அம்மாவின் தமிழைத் திருத்தவும் வேண்டாம். அவர்கள் புத்தகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆனால் இலக்கணம் அவர்களின் நாக்கில் இருக்கிறது.

இந்த முறை ஊருக்குப் போனபோது நானே காட்டிச் சொன்னேன்: "அப்பா, பத்ருட்ஸின்ர கோபுரத்தில வெளிச்சம் போட்டிட்டாங்கள்."

"ஓம்" என்றார்.